உனக்கு இங்கே என்ன வேலை?

சில ஆண்டுகளுக்கு முன், சுடுகாட்டுப் பாதை கேட்டுச் சாலை மறியல் செய்த ஒரு சேரி மக்களைக் காவல்துறை வேனில் ஏற்றிக்கொண்டுபோய் ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்தது. நான் அந்த ஊர்க்காரன் இல்லை. பக்கத்து ஒன்றியத்துக்காரன். தகவல் கிடைத்ததும், எனக்குத் தம்பி முறையாகும் ஒரு பையனின் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் நாற்பது பொட்டலம் தக்காளி சாதமும் தண்ணீர் பாக்கெட்டுகளும் கட்டிக்கொண்டு மாலையில் போய்ச் சேர்ந்தோம். தம்பி பொட்டலங்களை இறக்கிக்கொண்டிருந்தான். நான் மண்டபத்து ஜன்னலோரம் நின்று, உள்ளே இருப்பவர்களின் பெயரை ஒவ்வொன்றாகக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஓர் அதிகாரி வந்தார். "நீ எந்த ஊருடா?" என்றார். சொன்னேன். "அந்த ஊர்க்காரனுக்கு இங்க என்ன வேலை?" என்றவர், நோட்டிலிருந்து தாளைக் கிழித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். வண்டி எண்ணையும் எங்கள் பெயர்களையும் ஒரு காவலர் குறித்துக்கொண்டார். சாப்பாட்டை மட்டும் உள்ளே விட்டார்கள்.

முதல் தகவல் அறிக்கையில் ஒன்பது பேருடைய பெயர் இருந்தது. அதற்குப் பிறகு "மற்றும் பலர்". அந்த "பலர்" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் யாரை வேண்டுமானாலும் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்பது போராட்டக்களத்தில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும். குற்றப்பத்திரிகை வந்தபோது 31 பேர் இருந்தார்கள். நான் 27ஆவது எதிரி, தம்பி 28ஆவது எதிரி. இந்தியத் தண்டனைச் சட்டம் 143, 188, 341, 353. சட்டவிரோதமாகக் கூடினோமாம், வழிமறித்தோமாம், அரசு ஊழியரைத் தாக்கினோமாம். மறியல் நடந்த சாலையை நாங்கள் இருவரும் அன்று கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

இதை என் சொந்தக் கதையாகச் சொல்லவில்லை. நம் ஆட்கள் ஆயிரம் பேருக்கு இந்தக் கதை உண்டு. அந்த அதிகாரியின் கேள்விக்குப் பின்னால் இருக்கும் அரசியலைத்தான் பேச வேண்டும். "எந்த ஊர்?" என்பது இந்த நாட்டில் எப்போதும் சாதியைத் தெரிந்துகொள்ளக் கேட்கும் கேள்வி. போராட்டக்களத்தில் அதோடு இன்னொன்றும் சேர்கிறது: இந்தச் சேரி தனியாக இருக்க வேண்டும், இதற்கு வெளியிலிருந்து ஒருவரும் வரக்கூடாது.

அப்பாவிகளும் தூண்டியவர்களும்

2025 ஆகஸ்ட் மாதம் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் நடந்தது நினைவிருக்கும். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து, ஆகஸ்ட் 1ஆம் தேதியிலிருந்து தூய்மைப் பணியாளர்கள் நடைபாதையிலேயே கிடந்தார்கள். பெரும்பாலும் தலித்துகள், அதிலும் பெண்கள். பதின்மூன்று நாள். 13ஆம் தேதி உயர்நீதிமன்றம், அனுமதியில்லாத இடத்திலிருந்து அவர்களைச் சட்டப்படி அப்புறப்படுத்தச் சொன்னது. அன்று நள்ளிரவிலேயே காவல்துறை அவர்களைத் தூக்கிப் பேருந்துகளில் ஏற்றியது. கூடவே, துணைக்கு வந்திருந்த வழக்கறிஞர்களையும் சட்ட மாணவர்களையும் பிடித்தது. அவர்களை விடுவிக்க ஆட்கொணர்வு மனு போட வேண்டியிருந்தது. உயர்நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே வெளியே வந்தார்கள்.

மறுநாள் அமைச்சரவை கூடியது. தூய்மைப் பணியாளர்களுக்கு இலவசக் காலை உணவு உள்ளிட்ட நலத்திட்டங்களை அறிவித்தது. நள்ளிரவில் தூக்கிப் போட்ட அதே மக்களுக்கு!

இந்த இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். தொழிலாளிகள் அப்பாவிகள், அவர்களுக்குச் சோறு போடலாம். அவர்களுக்குச் சட்டம் சொல்லிக் கொடுக்க வந்தவர்கள் தூண்டிவிடுபவர்கள், அவர்களை உதைக்கலாம். சமூக வலைதளங்களில் ஆளும் தரப்பின் ஆதரவாளர்கள் எழுதியதும் இதைத்தான். தங்களை முற்போக்காளர்கள் என்று சொல்லிக்கொள்பவர்கள்கூட "தொழிலாளர்களின் கோரிக்கை நியாயமானதுதான், ஆனால் வெளியிலிருந்து வந்தவர்கள் கெடுத்துவிட்டார்கள்" என்றார்கள்.

இந்த வாக்கியத்தை நான் அருவருக்கிறேன். குப்பை அள்ளும் பெண்ணுக்குத் தன் சம்பளம் குறையும் என்று கணக்குப் போடத் தெரியாது, அதையும் ஒருவர் வந்து சொல்லித்தான் அவள் தெருவில் உட்கார்ந்தாள் என்று நினைப்பவருடைய மூளையில் என்ன இருக்கிறது? சாதியைத் தவிர வேறொன்றுமில்லை. அவளுக்குச் சொந்தமாகக் கோபம் வராது, சொந்தமாக அறிவு கிடையாது என்ற நம்பிக்கை அது.

வெளியாட்களின் வரலாறு

வெளியாள் என்ற பட்டம் புதிதில்லை. 1924இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் தொடங்கியதும், திருவிதாங்கூர் அரசு முன்னணித் தலைவர்களைச் சிறையில் அடைத்தது. அவர்கள் அழைத்துப் போனவர்தான் ஈரோட்டுப் பெரியார். அவர் எந்த ஊர்? அவருக்கு வைக்கத்தில் என்ன வேலை? அரசு தடை உத்தரவு போட்டது. மீறினார். அருவிக்குத்தியில் ஒரு மாதம் சிறை. வெளியே வந்ததும் மறுபடி அங்கேயே போனார். இந்த முறை திருவனந்தபுரம் சிறையில் நான்கு மாதக் கடுங்காவல். நாகம்மையாரும் களத்துக்கு வந்தார்.

அதே வைக்கத்தில், போராடியவர்களுக்குச் சோறு போட அகாலிகள் பஞ்சாபிலிருந்து வந்து சமையற்கூடம் நடத்தினார்கள். காந்தி அதை ஏற்கவில்லை. இது இந்துக்களின் பிரச்சினை என்று ஜார்ஜ் ஜோசப்பையும் ஒதுங்கியிருக்கச் சொன்னார். அரசு வெளியாளைச் சிறையில் போட்டது, காந்தி வெளியாளின் சோற்றுப் பானையை மூடச் சொன்னார். நோக்கம் வேறாக இருக்கலாம். பாதை மறுக்கப்பட்டவன் தனியே நிற்க வேண்டும் என்பதில் இருவர் சொன்னதும் ஒரே இடத்தில்தான் போய் முடிந்தது.

1999 ஜூலை 23. மாஞ்சோலை தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் 600க்கும் மேற்பட்டோர் கூலி உயர்வு கேட்டதற்காகச் சிறையில் இருந்தார்கள். அவர்களை விடுதலை செய்யச் சொல்லித்தான் திருநெல்வேலியில் பேரணி போனது. தடியடியில் தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டு 17 பேர் செத்தார்கள், கைக்குழந்தை உட்பட. சிறையில் இருப்பவர்களுக்காக வெளியே இருப்பவர்கள் கேட்ட கேள்விக்கு அரசு கொடுத்த பதில் அது. தாமிரபரணியை ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். அது ஓர் ஆதரவுப் பேரணி என்பதை மறந்துவிடுகிறோம்.

2017 ஜனவரி 23, மெரினா. ஜல்லிக்கட்டுப் போராட்டத்தைப் பற்றி நமக்கு ஆயிரம் விமர்சனம் உண்டு. ஆனால் அன்று அடிபட்டு ஓடியவர்கள் நுழைந்தது நடுக்குப்பத்து மீனவர் வீடுகளுக்குள். அடைக்கலம் கொடுத்தார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். அதற்காகக் காவல்துறை வீடு புகுந்து அடித்ததாகவும், மீன் சந்தைக்குத் தீ வைத்ததாகவும் அந்த மக்கள் சொன்னார்கள். போராடியவர்கள் பேருந்து ஏறி ஊர் போய்ச் சேர்ந்தார்கள். தண்ணீர் கொடுத்தவர்கள் எரிந்த சந்தையின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

பீமா கோரேகான் வழக்கு இதன் உச்சம். கைதானவர்களைப் பாருங்கள்: தலித், ஆதிவாசி வழக்குகளை நடத்திய சுரேந்திர காட்லிங், தொழிலாளர்களின் வழக்கறிஞர் சுதா பரத்வாஜ், ஆனந்த் டெல்டும்ப்டே. டெல்டும்ப்டே சரணடைய நேர்ந்த நாள் 2020 ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்தநாள். திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்டில் வாழ்ந்த ஸ்டேன் சுவாமி, விசாரணைக் கைதிகளாக வாடும் ஆதிவாசி இளைஞர்களுக்காக அமைப்பு கட்டியவர். அவரையே விசாரணைக் கைதியாக வைத்து 2021 ஜூலை 5 அன்று சாகவிட்டார்கள்.

கிராமத்தில் சேரியை ஒதுக்கி வைக்கும்போது ஊர்ப் பஞ்சாயத்து என்ன செய்யும்? சேரிக்காரனுக்கு வேலை கொடுத்தால் அபராதம், கடையில் சாமான் கொடுத்தால் அபராதம் என்று தண்டோரா போடும். அடி விழுவது சேரிக்கு, அபராதம் சேரிக்கு உதவியவனுக்கு. அப்படிச் சமூகப் புறக்கணிப்புச் செய்வதை வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. அதே ஊர்க் கட்டுப்பாட்டை எஃப்.ஐ.ஆர் வடிவில் அரசு போட்டால் அதற்குப் பெயர் சட்டம் ஒழுங்கு.

சட்டம் வெளியாளை என்ன சொல்கிறது?

இந்தியச் சட்டம் "உனக்கு என்ன வேலை?" என்று கேட்பதில்லை. அந்த வேலையை அது தானே எழுதி வைத்திருக்கிறது.

டி.கே. பாசு வழக்கில் 1996இல் உச்சநீதிமன்றம் சொன்னது: கைதானவரின் உறவினருக்கோ, நண்பருக்கோ, அவருடைய நலனில் அக்கறை உள்ள வேறு ஒருவருக்கோ தகவல் தர வேண்டும். இன்றைய பிஎன்எஸ்எஸ் பிரிவு 48, உறவினரோடு நண்பரையும் கைதானவர் பெயர் சொல்லும் வேறொருவரையும் சேர்த்தே சொல்கிறது. ஆட்கொணர்வு மனுவை மனைவியோ பெற்றோரோதான் போட வேண்டும் என்றில்லை. அடைக்கப்பட்டவருக்காக நண்பரும் போடலாம், முன்பின் தெரியாதவரும் போடலாம். ஆக, மண்டபத்து ஜன்னலில் நின்று பெயர் எழுதுபவன் சட்டத்தின் பார்வையில் வெளியாள் இல்லை. அவன் இல்லாவிட்டால் அந்தச் சட்டமே ஓடாது.

தோழர்கள் மனப்பாடம் செய்து வைத்திருக்க வேண்டியவை சில உண்டு. கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 22(1). அதை எழுத்தில், கைதானவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்சநீதிமன்றம் எல்லாக் குற்றங்களுக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டது. விருப்பப்பட்ட வழக்கறிஞரைக் கலந்துபேசும் உரிமையும் அதே 22(1)இல் இருக்கிறது. பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். குற்றம் நடக்காமல் தடுக்க என்று பிரிவு 170இல் பிடித்தாலும் அதே 24 மணி நேரம்தான் எல்லை. "கைது இல்லீங்க, சும்மா கூட்டி வந்திருக்கோம்" என்பார்கள். வெளியே போக முடியாவிட்டால் அது கைதுதான். கைதானவரை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்பது பிரிவு 53. உடம்பில் காயம் இருந்தால் அதை மருத்துவரிடமும் நடுவரிடமும் வாய்விட்டுச் சொல்லிப் பதிவாக்குங்கள். கைப்பேசியைப் பிடுங்கினால் கைப்பற்றியதற்கான பட்டியல் கேளுங்கள். கைப்பற்றுவதை வீடியோ எடுக்க வேண்டிய பொறுப்பு பிரிவு 105இன்படி அவர்களுடையது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

அடைக்கலம் கொடுப்பது குற்றமா? குற்றவாளி என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, அவரைத் தண்டனையிலிருந்து தப்பவைக்கும் நோக்கத்தோடு ஒளித்து வைத்தால்தான் குற்றம். தடியடிக்குப் பயந்து ஓடிவருபவருக்குக் கதவைத் திறப்பது அதில் வராது. அடைக்கப்பட்டவர்களுக்குச் சாப்பாடு கொடுப்பதும் காசு வசூலித்து வக்கீல் வைப்பதும் குற்றமில்லை. தடை உத்தரவை மீறினார்கள் என்ற பழைய 188ஐப் பொறுத்தவரை, காவல்துறை தானாக எஃப்.ஐ.ஆர் போட முடியாது, உத்தரவிட்ட அதிகாரி நீதிமன்றத்தில் எழுத்துமூலம் புகார் தர வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2018இல் ஜீவானந்தம் வழக்கில் தெளிவாகத் தீர்ப்பளித்தது. எங்கள் குற்றப்பத்திரிகையில் அதே 188 இருந்தது.

எழுத்தில் இருப்பதும் தெருவில் இருப்பதும்

சட்டம் தெரிந்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் நம் மக்களை ஏமாற்றுவதாகும்.

சூரியன் மறைந்த பிறகு பெண்ணைக் கைது செய்யக்கூடாது, விதிவிலக்கான சூழலில் பெண் அதிகாரி நடுவரின் முன் அனுமதி பெற வேண்டும் என்கிறது பிஎன்எஸ்எஸ் 43(5). இது கட்டாய விதி அல்ல, வழிகாட்டும் விதிதான் என்று 2025 பிப்ரவரியில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. மீறினால் காவல்துறை விளக்கம் தர வேண்டும் என்றும் சொன்னது. ஆறு மாதத்தில் ரிப்பன் மாளிகை வாசலில் பெண்கள் நள்ளிரவில் தூக்கப்பட்டார்கள்.

2011 ஜூன் மாதம் டெல்லி ராம்லீலா மைதானத்தில் பாபா ராம்தேவின் கூட்டத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்களைக் காவல்துறை நள்ளிரவில் விரட்டியடித்தது. உச்சநீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்து, நிம்மதியாகத் தூங்குவதும் வாழும் உரிமையின் பகுதி என்று 2012இல் தீர்ப்பு எழுதியது. நல்ல தீர்ப்பு. நகரத்தின் குப்பையை அள்ளிவிட்டு நடைபாதையில் படுத்திருந்த பெண்ணின் தூக்கத்துக்கு அந்தத் தீர்ப்பு பொருந்தாதா?

கைதுக் குறிப்பில் குடும்பத்தினரோ அந்தப் பகுதியின் மதிப்புக்குரிய ஒருவரோ கையெழுத்திட வேண்டும் என்கிறது சட்டம். சேரியில் யாரை இந்தக் காவல்துறை மதிப்புக்குரியவராக நினைக்கும்? சென்னையில் கூட்டம் கூட அனுமதி கேட்க வேண்டிய சட்டம் 1888ஆம் ஆண்டுச் சட்டம். வெள்ளைக்காரன் போய்விட்டான். 15 நாளுக்கு ஒருமுறை தடை உத்தரவைப் புதுப்பிக்கும் பழக்கம் போகவில்லை. சமூகநீதி பேசும் இரண்டு கழகங்களும் மாறிமாறி ஆண்டும் அந்தச் சட்டத்தை நீக்கவில்லை.

இத்தனைக்கும் பிறகு ஏன் சட்டத்தைப் பேச வேண்டும்? கிழித்த தாளையும் ஒருவன் நினைவிலிருந்து திரும்ப எழுத முடியும் என்பதால்தான். அன்று இரவு டீக்கடை வெளிச்சத்தில் நானும் தம்பியும் உட்கார்ந்து, நினைவில் இருந்த பெயர்களைத் திரும்ப எழுதினோம். 43 பேர். நள்ளிரவில் விட்டபோது 40 பேர்தான் வெளியே வந்தார்கள். பட்டியல் இருந்ததால், யார் அந்த மூவர் என்று உடனே தெரிந்தது. வழக்கறிஞர் விடியுமுன் காவல் நிலைய வாசலில் நின்றார். மூவரையும் அன்று மாலைக்குள் நடுவரிடம் கொண்டுபோய்த்தான் ஆக வேண்டியிருந்தது. சட்டம் அந்த அளவுக்குத்தான் வேலை செய்தது. அந்த அளவு, ஒருவருடைய உயிர் போவதற்கும் இருப்பதற்கும் உள்ள தூரமாக இருக்கலாம். சாத்தான்குளத்தைப் பார்த்த பிறகு இதை விளக்க வேண்டியதில்லை.

நம்மிடமும் கணக்கு கேட்க வேண்டும்

அரசைத் திட்டிவிட்டு முடித்தால் இந்தக் கட்டுரை பாதிப் பொய்யாகிவிடும்.

தம்பி இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். ஆமாம், காவலர் வேலைக்குத்தான். எழுத்துத் தேர்வு, உடல்தகுதித் தேர்வு இரண்டிலும் தேறினான். நடத்தைச் சரிபார்ப்பில் வழக்கு நிலுவை என்று வந்தது. முடிந்தது. சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை செய்தாலும், வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார் என்று காவலர் தேர்வு விதி இருக்கிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அரசு வேலை என்பது வெறும் சம்பளம் இல்லை, குடும்பம் மொத்தமாக மேலேறும் ஒரே படி. அதை ஒரு "மற்றும் பலர்" உடைத்துவிடும் என்று அரசுக்குத் தெரியும். ஆயிரம் பேரை உதைப்பதைவிட ஒரு தம்பியின் சரிபார்ப்பை நிறுத்துவது சுலபம். பார்க்கும் மற்ற தம்பிகள் தாமாகவே வீட்டில் இருந்துகொள்வார்கள்.

நாம் என்ன செய்தோம்? பெயர் தெரிந்த தலைவர்களுக்கு மூத்த வழக்கறிஞர் கிடைத்தார். அவர்கள் வெளியே வந்த நாளில் வெடி போட்டோம், மாலை போட்டோம், சுவரொட்டி ஒட்டினோம். 28ஆவது எதிரி ஒவ்வொரு வாய்தாவுக்கும் கூலியை விட்டுவிட்டுத் தனியாகப் பேருந்து ஏறினான். ஜாமீனுக்கு இரண்டு பேர் நிற்க வேண்டும், வீட்டு வரி ரசீது வேண்டும் என்றபோது, புறம்போக்கில் வீடு கட்டிய அவனுடைய சொந்தத்தில் ஒருவரிடமும் ரசீது இல்லை. மேடையில் அவனைத் தோழன் என்றவர்களில் எத்தனை பேர் ஜாமீன் கையெழுத்துப் போட வந்தார்கள்? ஒருவர். வேறு சாதிக்காரர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அவரும் வெளியாள்தான்.

போராட்டம் அறிவிக்கும் நாளிலேயே வழக்குக்கும் ஆள் போடுங்கள். யார் பெயர் எழுதுவது, வழக்கறிஞரைக் கூப்பிடுவது யார், ஜாமீனுக்கு நிற்கத் தயாராக ரசீதோடு இருப்பவர்கள் யார் என்று முன்பே முடிவு செய்யுங்கள். அரசுத் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு ஆபத்தைச் சொல்லி, அவர்கள் விருப்பத்தைக் கேட்டு, களத்தில் நிற்காத வேலை கொடுங்கள். பொய் வழக்கு என்றால் அதை ரத்து செய்யக் கடைசி எதிரி வரைக்கும் சேர்த்து மனு போடுங்கள். பட்டியல் சாதியினர் மீது பொய்யான, தீய நோக்கமுள்ள வழக்குத் தொடுப்பதையே வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(p) குற்றம் என்கிறது. அதை எடுத்துக் கையாளும் துணிவு நமக்கு வேண்டும். "அவங்க வெளியாளுங்க, எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று எழுதித் தந்தால் வழக்கிலிருந்து விடுவிக்கிறோம் என்று பேரம் பேசுவார்கள். அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அதில் கையெழுத்துப் போட்ட ஊருக்கு அடுத்த முறை ஒருவரும் வரமாட்டார்கள்.

அந்தச் சேரிக்குச் சுடுகாட்டுப் பாதை கிடைத்துவிட்டது. பாதி தூரம் சிமென்ட், பாதி மண். எங்கள் வழக்கு இன்னும் நடக்கிறது. தம்பி இப்போது கட்டட வேலைக்குப் போகிறான். போராட்டம் என்றால் வருவதில்லை, கூப்பிட எனக்கும் வாய் வருவதில்லை.

ஆனால் ஒரு மண்டபத்தில் ஆட்களை அடைத்திருக்கிறார்கள் என்று செய்தி வந்தால் நான் இன்னும் நோட்டோடு போகிறேன். வாசலில் யாராவது ஓர் அதிகாரி அதே கேள்வியைக் கேட்கத்தான் செய்கிறார். இப்போது என்னிடம் பதில் இருக்கிறது.

"ஆள் எண்ண வந்திருக்கேன் சார். எத்தனை பேரை உள்ளே வச்சிருக்கீங்களோ, அத்தனை பேரும் உயிரோட வெளிய வரணும். அதுதான் என் வேலை."